மாருதி ஜிப்ஸில டிரான்ஸ்ஃபர் கேஸ் மாத்தி கியர இன்னும் லோ ஆக்குறது எப்படி

கல்லும் மண்ணுமா இருக்குற மேட்டுல ஃபோர்-லோ (நாலு வீலும் இழுக்குற, ரொம்ப மெதுவான ரேஞ்ச்) போட்டு ஃபர்ஸ்ட் கியர்ல ஏறும்போதும் பாதில வண்டி முக்குதா, நீங்க அரை கிளட்ச்ல தூக்கி தூக்கி ஏத்துறீங்களா, மேல போய் நிறுத்துனதும் கேபின்ல கருகுன வாசம் வருதா, அப்போ இது உங்களுக்குத்தான். நிறைய பேர் இதுக்கு எஞ்சின் பத்தலன்னு நினைச்சு எஞ்சின்ல கை வைப்பாங்க. ஜிப்ஸி கிங் எம்பிஎஃப்ஐ எஞ்சின் 80 பிஎச்பி தான், ஆனா அந்த சைஸ் வண்டிக்கு அது கம்மியே இல்ல, பிரச்சினை என்னன்னா அதோட முழு டார்க் 103 நியூட்டன் மீட்டர் வர்றது 4500 ஆர்பிஎம்ல. கல்லு மேல டயர மெதுவா உருட்டும்போது நீங்க இருக்குறது ஆயிரம் ஆயிரத்தைநூறுல, அங்க எஞ்சின் பாவம் தூங்கிட்டு இருக்கும். வண்டி மெதுவா போகணும் எஞ்சின் வேகமா சுத்தணும்னா நடுவுல கியர் தான் இறங்கணும், வேற வழி இல்ல. அத டிரான்ஸ்ஃபர் கேஸ்ல, அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சக்திய முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரிச்சு விடுற, ஹை லோன்னு ரெண்டு ரேஞ்ச் இருக்குற பெட்டில, செய்யலாம்.

சுசுகியோட இந்த எஸ்ஜே குடும்பம் முழுக்க, அதாவது அமெரிக்கால சாமுராய், ஆஸ்திரேலியால சியரா, நம்மூர்ல 1985 கடைசில வந்த ஜிப்ஸி, எல்லாத்துலயும் ஒரு நல்ல விஷயம், டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோட ஒட்டி இருக்காது. கியர்பாக்ஸ் முன்னாடி தனியா, நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட், அப்புறம் சேஸிஸ்க்கு நடுவுல மூணு கை நீட்டி ரப்பர் புஷ்ல தொங்குற கேஸ். அதனால கியர்பாக்ஸ தொடாம கேஸ மட்டும் கழட்டி மாத்தலாம், நிறைய ஃபோர் வீல் டிரைவ்ல இவ்வளவு சுளுவா இருக்காதுங்க. உள்ள செயினும் கிடையாது, எல்லாம் கியர் தான்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பல வண்டில ஹை ரேஞ்ச் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் 1க்கு 1, சும்மா கடத்தி விடும், இப்போ வர்ற சுசுகி ஜிம்னி கூட அப்படித்தான். ஆனா எஸ்ஜேல ஹை ரேஞ்ச்லயே ஒரு குறைப்பு இருக்கு. ஜிப்ஸி கிங் மாதிரி 1.3 லிட்டர் எஸ்ஜே413 கேஸ்ல ஹை 1.409, லோ 2.268. அதுக்கு முந்தின 970 சிசி எஸ்ஜே410 கேஸ்ல ஹை 1.580, லோ 2.511. நம்பர் ஏறுனா கியர் இறங்குதுன்னு அர்த்தம். அதனால 413 வண்டில 410 கேஸ தூக்கி போட்டா லோ மட்டும் இல்ல, ரோட்டுல ஓட்டுற ஹை ரேஞ்சும் சேர்ந்து இறங்கும், ஹைல 12 சதவீதம் லோல 11 சதவீதம். இது சிலருக்கு வரம், சிலருக்கு தலைவலி, அது உங்க டயர் சைஸ பொறுத்தது.

ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி பேனா எடுங்க. ஃபர்ஸ்ட் கியர் ரேஷியோ, கேஸோட லோ ரேஷியோ, டிஃப் (ஆக்ஸில் நடுவுல இருக்குற டிஃபரென்ஷியல்) ரேஷியோ, மூணையும் பெருக்குனா எஞ்சின் எத்தன சுத்து சுத்துனா வீல் ஒரு சுத்து சுத்தும்னு வரும். சாமுராய் ஃபைவ் ஸ்பீட் பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் 3.652, டிஃப் 3.727, ஒரிஜினல் கேஸோட பெருக்குனா 30.9. அதாவது ஃபோர்-லோ ஃபர்ஸ்ட்ல எஞ்சின் 31 தடவ சுத்துனா வீல் ஒரு தடவ. 205/70 ஆர்15 டயர்ல 1000 ஆர்பிஎம்முக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் சொச்சம், நாம நடக்குற வேகம். 410 கேஸ் போட்டா 34.2, அதே ஆயிரத்துல 3.7 கிலோமீட்டர். வெளிநாட்டுல விக்கிற, லோ ரேஷியோவ 4.16 ஆக்குற கியர் செட் போட்டா 56.6, வேகம் 2.2 கிலோமீட்டர், குழந்த தவழுற வேகம் தான். ஒப்பிட்டு பாக்கணும்னா ஜிம்னி மேனுவல் கம்பெனில இருந்து வரும்போதே 36. இதுல ஒண்ணு, உங்க வண்டி டிஃப் நம்பர் தெரியாம என் கணக்க அப்படியே காப்பி அடிக்காதீங்க, பழைய வண்டில யாரு எப்போ என்ன கிரவுன் பினியன் (டிஃப் உள்ள இருக்குற கியர் ஜோடி) மாத்துனாங்கன்னு ஆண்டவனுக்கு தான் தெரியும். பின்னாடி ஒரு வீல மட்டும் தூக்கி, முன் வீலுக்கு நல்லா கட்டை கொடுத்து, கியர் நியூட்ரல்ல வச்சு தூக்குன வீல ரெண்டு முழு சுத்து சுத்துங்க, டிஃப்புக்கு வர்ற ஷாஃப்ட் எத்தன சுத்துதோ அதான் டிஃப் ரேஷியோ. மூணே முக்காலுக்கு கொஞ்சம் கம்மியா நின்னா 3.727, நாலு தாண்டி கொஞ்சம் போச்சுன்னா 4.11. (இது ஓப்பன் டிஃப்புக்கு மட்டும், ரெண்டு வீலையும் சேர்த்து பூட்டுற லாக்கர் இருந்தா கணக்கு வேற.)

இப்ப டயர் கதைக்கு வருவோம். 205/70ல இருந்து 30 இஞ்ச் டயருக்கு போனீங்கன்னா விட்டம் 14 சதவீதம் ஏறுது, அப்போ அந்த 30.9 நடைமுறைல 27 ஆயிடும். பெரிய டயர் போட்டதுல இருந்து வண்டி செத்துப் போச்சுன்னு புலம்புறவங்களுக்கு காரணம் இதுதான். அங்க 410 கேஸ் போட்டா ஹைல அந்த 14ல 12 திரும்ப கிடைச்சிடும், கம்பெனி கொடுத்த மாதிரியே ரோட்டுல இழுக்கும், லோலயும் 30 வந்துடும். என்ன கேட்டா டயர் பெருசு பண்ண ஜிப்ஸிக்கு இதவிட சிக்கனமான வைத்தியம் இல்ல. ஆனா டயர் ஒரிஜினல் சைஸே இருக்கு, வாரத்துல அஞ்சு நாள் ஹைவேல தான் ஓட்டுறேன்னு சொல்றீங்களா, கொஞ்சம் யோசிங்க. சாமுராய் கணக்குல டாப் கியர்ல 3000 ஆர்பிஎம்முக்கு 90ல போன வண்டி 410 கேஸுக்கு அப்புறம் அதே 3000ல 80 தான் போகும், 90க்கு 3350 ஆர்பிஎம் ஆகும். ஏற்கனவே ஜிப்ஸிக்குள்ள பேசுனா பக்கத்துல இருக்குறவருக்கு கேக்காது, இதுல இது வேறயா.

4.16 செட், அதுக்கும் மேல இருக்குற செட் எல்லாம் கேஸோட வெளிக்கூட்ட அப்படியே வச்சுகிட்டு உள்ள கியர மட்டும் மாத்துறது. வாங்குறதுக்கு முன்னாடி லோ நம்பர மட்டும் பாக்காம அந்த செட் போட்டா ஹை ரேஞ்ச் எவ்வளவு ஆகும்னும் பாருங்க, சிலதுல ஹையும் சேர்ந்து இறங்கும். சிலதுக்கு கேஸ் உள்பக்கம் கிரைண்டர் போட்டு கொஞ்சம் தேய்க்கணும். கஸ்டம்ஸ் எல்லாம் கட்டி வந்து சேரும்போது பழைய ஜிப்ஸி விலைல பாதி கேக்கும், நான் போடல. பாறை ஏறுறதே வாரா வார வேலைன்னு இருக்குறவங்களுக்கு தான் அது, தோட்டத்துக்கும் மலை வீட்டுக்கும் போறவங்களுக்கு 410 கேஸே தாராளம். டிஃப் கிரவுன் பினியன் மாத்தியும் இறக்கலாம், ஆனா முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே நம்பர் இருக்கணும், ஒண்ண மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா ரெண்டு ஆக்ஸிலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும், எது பலவீனமோ அது உடையும்.

சரி, கேஸ் எங்க தேடுறது. பழைய எம்ஜி410 (970 சிசி எஞ்சின் வந்த முதல் ஜிப்ஸி) ஸ்கிராப்புக்கு வந்தா அதுல இருந்து எடுக்கலாம், சென்னைனா புதுப்பேட்டை, கோவைனா உக்கடம், டெல்லி பக்கம் ஆள் இருந்தா மாயாபுரி. மிலிட்டரி ஏலத்துல போன வண்டிகளோட சாமானும் சுத்திகிட்டு இருக்கும். இங்க நான் ஏமாந்த கதைய சொல்லிடறேன். ஒரு பழைய சாமான் கடைல "சார் இது அசல் 410 கேஸ், கண்ண மூடிட்டு போடுங்க"ன்னாரு, நானும் கண்ண மூடிட்டு தான் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வண்டிக்கு அடில படுத்து மாத்தி முடிச்சு ஓட்டி பாத்தா ஒரு வித்தியாசமும் இல்ல. மறுபடி கழட்டி சுத்தி எண்ணி பாத்தா அதுவும் 413 கேஸ் தான், என்னோடதவிட சத்தம் மட்டும் ஜாஸ்தி.

அதனால கடைலயே எண்ணிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. இன்புட் ஃபிளாஞ்ச்ல (ஷாஃப்ட் போல்ட் போட்டு சேர்ற வட்ட தட்டு) சாக்பீஸ்ல ஒரு கோடு, பின் அவுட்புட் ஃபிளாஞ்ச்ல ஒரு கோடு. லோல போட்டு இன்புட்ட கரெக்டா பத்து சுத்து சுத்துங்க. அவுட்புட் நாலு சுத்துல வந்து நின்னா, இம்மி கம்மியா இருக்கும், அது 410. நாலே கால தாண்டி நாலரைய நெருங்கி நின்னா 413. சந்தேகம் இருந்தா ஹைலயும் எண்ணுங்க, பத்துக்கு ஆறேகாலுக்கு மேல கொஞ்சம் வந்தா 410, ஏழ தாண்டி கொஞ்சம் வந்தா 413. லீவர் இல்லாம கேஸ் மட்டும் கிடந்தா மேல ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவர் விட்டு, ஹை லோ மாத்துற ஷிஃப்ட் ராட நகத்தலாம். சுத்தும்போதே காத கிட்ட வச்சு கேளுங்க, பேரிங் கரகரன்னா தெரியும். ஃபிளாஞ்ச புடிச்சு மேல கீழ ஆட்டி பாருங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. டிரெயின் போல்ட கழட்டி ஆயில விரல்ல தேய்ச்சு பாருங்க, வெள்ளி பவுடர் மாதிரி கொஞ்சம் இருந்தா பரவால்ல, துண்டு துண்டா உலோகம் வந்தா வச்சுட்டு வந்துடுங்க.

டேப் எடுத்துட்டு போங்க. ஃபிளாஞ்ச் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு உங்க வண்டில முன்னாடியே அளந்து வச்சு ஒப்பிடுங்க, எஸ்ஜேல வருஷத்துக்கு வருஷம் ஃபிளாஞ்ச் வேற வேற வந்திருக்கு. பொருந்தலைனா உங்க பழைய கேஸோட ஃபிளாஞ்ச கழட்டி இதுல மாட்டணும், ஸ்ப்ளைனும் (ஷாஃப்ட் மேல வரிவரியா இருக்குற பல்லு) ஒத்து வரணும், அதையும் அங்கயே பாருங்க. மவுண்டிங் கையும் அப்படித்தான், உங்களோடத எடுத்து இதுல மாட்டிக்கலாம். சில கேஸ்ல பின் அவுட்புட்ல ஹேண்ட் பிரேக் டிரம் உக்காந்திருக்கும், உங்க வண்டில அங்க தான் ஹேண்ட் பிரேக்னா வாங்குற கேஸ்லயும் அது கண்டிப்பா வேணும், இல்லனா மலைல நிறுத்த கல்லு தேடிட்டு இருப்பீங்க.

வீட்டுக்கு கொண்டு வந்ததும் அப்படியே மாட்டிடாதீங்க. டீசல்ல கழுவி, இன்புட், முன் அவுட்புட், பின் அவுட்புட் மூணு ஆயில் சீலும் புதுசு போடுங்க, டேபிள் மேல இருக்கும்போது பத்து நிமிஷம், வண்டிக்கு அடில மாட்டுனப்புறம் அரை நாள். கேஸ பிரிக்கிறதா இருந்தா ஒவ்வொரு படியும் போன்ல போட்டோ எடுங்க. ஷிஃப்ட் ராட உருவும்போது சின்ன இரும்பு குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும், பழைய பெட்ஷீட்ட விரிச்சு அது மேல வச்சு பிரிங்க, நான் ஒரு குண்ட வாஷிங் மெஷின் அடில இருந்து எடுத்தேன். கேஸ் உள்ள இருக்குற நடு ஷாஃப்டோட ஓ-ரிங்கும் மாத்திடுங்க, வெளிய பாத்தா சீல் லீக் மாதிரி தெரியும் ஆனா ஒழுகுறது பாதி நேரம் அதுல தான்.

கழட்டுற நாள். சமதளத்துல நிறுத்தி வீலுக்கு கட்டை, பேட்டரி நெகட்டிவ் கழட்டி வைங்க, வண்டிய ஜாக்கி மேல மட்டும் நம்பி அடில போகாதீங்க, ஜாக் ஸ்டாண்டு நாலும் போடுங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து சூடா இருக்கும்போதே ஆயில் இறக்குனா முழுசா வடியும். கேபினுக்குள்ள லீவர் பூட்ட தூக்கி, அடில இருக்குற மூடிய அமுக்கி இடது பக்கம் திருப்புனா லீவர் கைல வந்துடும். அடில போய் எல்லா ஷாஃப்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் பெயிண்ட்ல கோடு போட்டு வைங்க, திரும்ப அதே நிலைல மாட்டணும். போல்ட் பெரும்பாலும் 12 நம்பர், ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்க, ஓப்பன் ஸ்பேனர்ல தலைய உருட்டிடுவீங்க. முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு வச்சா புண்ணியம். பின் ஷாஃப்ட், முன் ஷாஃப்ட், நடு குட்டி ஷாஃப்ட், அப்புறம் ஸ்பீடோ கேபிள், ஃபோர் வீல் லைட் ஒயர், பிரீதர் டியூப். சைலன்ஸர் பைப் இடிச்சா அதோட கிளாம்ப தளத்திக்கோங்க. டிராலி ஜாக் மேல ஒரு பலகை வச்சு கேஸ தாங்கிட்டு மூணு மவுண்ட் போல்டையும் எடுத்தா மெதுவா இறங்கும். நெஞ்சு மேல இறக்கி வைக்கிற வீரம் எல்லாம் வேணாம், கூட ஒரு ஆள வச்சுக்கோங்க.

ஏத்துறது இதுக்கு தலைகீழ் தான், ஆனா ரெண்டு இடத்துல நின்னு நிதானமா பாக்கணும். ஒண்ணு கியர்பாக்ஸுக்கும் கேஸுக்கும் நடுவுல இருக்குற குட்டி ஷாஃப்ட். கியர்பாக்ஸ் பின் ஃபிளாஞ்சும் கேஸ் இன்புட் ஃபிளாஞ்சும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், கேஸ் கொஞ்சம் மூக்க தூக்குனாலும் 60க்கு மேல ஃப்ளோர் அதிரும், ஜிப்ஸி ஓட்டுறவங்களுக்கு இந்த அதிர்வு நல்லா பழக்கம், பாதி பேர் வீல் பேலன்ஸிங்க்கு காசு கொடுத்துட்டு இருப்பாங்க. மவுண்ட் போல்ட முதல்ல லூசா மாட்டி, கேஸ நகத்தி நேர் பண்ணி, அப்புறம் முறுக்குங்க. ஷாஃப்டோட ரெண்டு முனைல கவட்டை மாதிரி இருக்குற யோக்கும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், அதுக்கு நடுவுல இருக்குற கிராஸ்ல ஆட்டம் இருந்தா இப்பவே மாத்துங்க. இன்னொண்ணு மவுண்ட் ரப்பர். கியர் இறங்க இறங்க கேஸ் தன்னையே முறுக்கிக்க பாக்கும், பழைய வெடிச்ச ரப்பர் தாங்காது. 410 கேஸுக்கு புது ரப்பர் போதும், 4.16 போடுறவங்க நாலாவதா ஒரு மவுண்ட் அடிச்சே ஆகணும், இல்லனா மவுண்டிங் கை உடைஞ்சு கேஸ் தொங்கும், நல்ல லேத் பட்டறைல சொன்னா பிளேட் வெட்டி வெல்ட் பண்ணி கொடுப்பாங்க.

ஆயில் 80டபிள்யூ-90 கியர் ஆயில், சுமார் 0.8 லிட்டர் புடிக்கும், லெவல் பிளக் ஓட்டைல வழியுற வரைக்கும் ஊத்துங்க. நான் ஒரு தடவ எல்லாத்தையும் மாட்டிட்டு ஆயில மறந்து கீ போட போய்ட்டேன், அன்னைக்கு தெய்வம் மாதிரி பக்கத்து வீட்டு பையன் "அங்கிள் இந்த டப்பா எதுக்கு"ன்னு கேட்டான்.

ஸ்பீடோ மீட்டர் கேஸோட அவுட்புட் பக்கத்துல இருந்து சுத்துது, அதனால உள்ள கியர் மட்டும் மாத்துறவங்களுக்கு மீட்டர் மாறாது. முழு கேஸும் மாத்துனா 410 வண்டியோட 4.11 டிஃப்புக்கு கணக்கு பண்ணுன ஸ்பீடோ கியர் கூட வரும், உங்களோடது 3.727 டிஃப்புனா மீட்டர் பத்துல ஒரு பங்கு கம்மியா காட்டும், 90ல போவீங்க 82ன்னு காட்டும். பழைய கேஸோட ஸ்பீடோ கியர் பொருந்துனா மாத்தி போடுங்க, இல்லனா போன் ஜிபிஎஸ் வச்சு ஒரு தடவ ஒப்பிட்டு மனசுல வச்சுக்கோங்க.

முதல்ல ஸ்டாண்டு மேலயே ஸ்டார்ட் பண்ணி டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ எல்லாம் விழுதா பாருங்க, அப்புறம் கீழ இறக்கி மெதுவா ஒரு ரவுண்டு. ஃபோர் வீல மண்ணுலயே டெஸ்ட் பண்ணுங்க, தார் ரோட்டுல போட்டு திருப்பாதீங்க. அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் எல்லா ஃபிளாஞ்ச் போல்டையும் திரும்ப முறுக்குங்க, ஒண்ணு ரெண்டு கண்டிப்பா கால் சுத்து ஏறும். 500ல ஆயில ஒரு தடவ மாத்திடுங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன், மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு ஆர்சில இருக்குற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்தி சொல்லிடுச்சு. ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுட்டு செய்ங்க, முக்கியமா டயரும் சேர்த்து மாத்துறவங்க.

ஓட்டுறப்போ கிடைக்கிற வித்தியாசம் ஏத்தத்தவிட இறக்கத்துல தான் எனக்கு பளிச்சுன்னு தெரிஞ்சது. ஃபோர்-லோ ஃபர்ஸ்ட் போட்டு காலெல்லாம் எடுத்துட்டா எஞ்சினே புடிச்சுக்குது, முன்னாடி பிரேக்க மிதிச்சு மிதிச்சு சறுக்குன அதே இறக்கத்துல இப்ப பிரேக் தேவையே கம்மி. ஆனா பிடிமானம் இதனால ஏறிடாது, ஒரு வீல் அந்தரத்துல தூக்குச்சுன்னா ஓப்பன் டிஃப்ல அது சும்மா மெதுவா சுத்தும், அவ்வளவு தான். வீலுக்கு போற முறுக்கும் ஜாஸ்தியாகுதுங்கறத மறக்காதீங்க, 410 கேஸ்ல ஏறுற 11 சதவீதம் ஒண்ணும் பண்ணாது, ஆனா 4.16ல அது 83 சதவீதம். ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு வச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சீங்கன்னா முன் ஆக்ஸில் ஜாயின்ட் "டக்"னு ஒரு சத்தத்தோட போயிடும், அதுவும் பழைய 410 ஆக்ஸிலோட 22 ஸ்ப்ளைன் 413ல இருக்குற 26 ஸ்ப்ளைன விட மெலிசு.

கழட்டுன 413 கேஸ வித்துடாதீங்க. நாளைக்கு வண்டிய வாங்குறவர் ஹைவே ஆளா இருந்தா அதையும் சேர்த்து கேப்பாரு. என்னோடது ஆயில் நிரப்பி, ஓட்டையெல்லாம் துணி அடைச்சு மாடிப்படி அடில கிடக்கு, அம்மா அது மேல தான் இப்ப துளசி தொட்டிய வச்சிருக்காங்க.